அறுவைக்குப் பிறகு கீமோவோடு சர்க்கரை மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் பாபநாசம். கணையப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கீமோவுடன் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் கொடுத்தால் நோய் திரும்பி வருவது குறையுமா என்று சோதிக்கும் முயற்சிகள் உலகில் நடந்திருக்கின்றன. அந்தச் செய்தி அரைகுறையாக இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் சீர்காழியிலிருந்தும் யாராவது ஒருவர் ஒவ்வொரு வாரமும் என்னைக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். என் அண்ணனுக்கும் இதே நோய் வந்தது. அவரை வைத்துக்கொண்டு இதே கேள்விகளை நானும் கேட்டேன். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

கணையம் என்கிறார்களே, அது உடம்பில் எங்கே இருக்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் ஓர் உறுப்பு. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். சோறும் எண்ணெயும் செரிப்பதற்கான நீரைச் சுரப்பது ஒரு வேலை. இன்சுலினைச் சுரப்பது இன்னொரு வேலை. ஒளிந்து கிடக்கும் இடம் என்பதால் அங்கே கட்டி வளர்வது வெளியே தெரிவதில்லை. அறுவை செய்யக்கூடிய நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது பேர்தான். இந்தப் பக்கம் முழுவதும் அந்தச் சிலரைப் பற்றியது.

கட்டியை முழுவதும் எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். பிறகு எதற்கு ஆறு மாதம் கீமோ?

வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே தெரிவதையெல்லாம் பிடுங்கிவிட்டு வரப்பில் ஏறுவோம். மண்ணுக்குள் நின்ற கிழங்கு பத்து நாளில் மறுபடி முளை விடும். அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிடுகிறார். ஆனால் ஸ்கேனில்கூடத் தெரியாத அளவில் சில செல்கள் இரத்தத்தோடு கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ முன்பே போயிருக்கலாம். கீமோ அவற்றுக்காக.

இது வெறும் நம்பிக்கை இல்லை, எண்ணிப் பார்த்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ஒரு சோதனையில், அறுவைக்குப் பிறகு ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். கீமோ பெறாதவர்களில் அந்த எண்ணிக்கை 10. 2018இல் பிரான்சும் கனடாவும் சேர்ந்து வெளியிட்ட முடிவு இன்னும் பெரியது. ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்தைத் திருத்திய அளவில் பெற்றவர்களில் பாதிப் பேர் 54.4 மாதங்களைக் கடந்தார்கள். ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் கடந்தது 35 மாதங்கள். அந்தக் கூட்டு மருந்தைத் தாங்க உடம்பில் வலு வேண்டும், எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள். இன்று கையில் இருக்கும் நிச்சயமான ஆயுதம் கீமோதான்.

சர்க்கரை மாத்திரைக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

மெட்ஃபார்மினின் மூலம் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடி. அதிலிருந்த வேதிப்பொருளின் வழியில் உருவான இந்த மருந்தை 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து, முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரை தயாரிப்பதை இது குறைக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, நம் கிராமங்களில் வாசலுக்கே வந்து சேருகிற மாத்திரைகளில் இதுவும் ஒன்று.

புற்றுநோய்ப் பக்கம் பார்வை திரும்பியதற்கு இரண்டு காரணங்கள். இந்த மருந்து இரத்தத்தில் இன்சுலின் அளவைக் குறைக்கிறது. இன்சுலின் சில புற்றுச் செல்களுக்கு வளரச் சொல்லித் தூண்டும் குரல் போன்றது. அடுத்தது, செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தியாகும் இடத்திலேயே இது கை வைக்கிறது. ஆற்றல் குறைந்துவிட்டது என்று உணர்ந்த செல், வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. ஆய்வகத் தட்டுகளில் இது அழகாக நடந்தது. ஆனால் அந்தத் தட்டுகளில் ஊற்றிய அளவு, மாத்திரை விழுங்கும் மனிதரின் இரத்தத்தில் சேரும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

சர்க்கரை இருந்ததால் புற்று வந்ததா, புற்று வந்ததால் சர்க்கரை வந்ததா?

இரண்டும் உண்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். மறுபுறம், கணையத்தில் வளரும் கட்டியே இன்சுலின் வேலையைக் கெடுத்துப் புதிதாகச் சர்க்கரையை வரவழைக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை கண்டவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் தெரிய வருகிறது. மீதி 99 பேர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் புதிய சர்க்கரையோடு காரணமில்லாமல் எடையும் குறைந்தால் வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் அண்ணன் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் விவசாயம் செய்தவர். ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை என்றார்கள். எட்டு மாதத்தில் பதினொரு கிலோ இளைத்தார். பார்த்த கிளினிக்கில் ‘சர்க்கரை வந்தால் இளைக்கத்தான் செய்யும்’ என்றார்கள். மருந்தாளுநரான நானும் அதையேதான் அண்ணியிடம் சொன்னேன். கண் மஞ்சளான பிறகுதான் ஸ்கேன். அந்த எட்டு மாதங்களை நினைக்காத நாளில்லை. அதனால்தான் இந்தப் பதிலைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்கள் அதிக நாள் இருந்தார்கள் என்று படித்தேன். நிரூபித்த பிறகு எதற்குச் சோதனை?

நீங்கள் படித்தது உண்மைதான். 2005இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள், மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்குப் புற்றுநோய் குறைவாக வந்திருப்பதைப் பதிவேடுகளில் கண்டார்கள். 2012இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்தினர், சர்க்கரையும் கணையப் புற்றுநோயும் சேர்ந்திருந்த 302 பேரின் பழைய பதிவுகளைப் பார்த்தார்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 15.2 மாதங்களைக் கடந்திருந்தார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் 11.1 மாதங்களை. நான்கு மாத வித்தியாசம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். கீமோ முடிந்து திண்ணையில் சாய்ந்திருந்தார். சற்று யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ‘ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கி அழுகிய வயலுக்கு யாராவது மேலுரம் போடுவார்களா? போட மாட்டார்கள். பிழைத்த வயலுக்குத்தான் போடுவார்கள். அறுப்பு முடிந்த பிறகு கணக்குப் பார்த்தால், மேலுரம் போட்ட வயலெல்லாம் விளைந்தது, போடாததெல்லாம் போயிற்று என்றுதான் வரும். அதனால் வெள்ளத்திலிருந்து காப்பாற்றியது மேலுரம் என்று சொல்லலாமா?’

கனடாவின் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2012இல் இந்த மெட்ஃபார்மின் ஆய்வுகளைப் பற்றி எழுப்பிய மறுப்பும் இதே வகைதான். ஒருவர் ‘மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்’ என்ற பட்டியலில் ஏறுவதற்கே அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். சீக்கிரம் இறந்தவர்கள் தாமாகவே ‘சாப்பிடாதவர்’ பட்டியலில் விழுந்துவிடுகிறார்கள். போதாததற்கு, சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருப்பவர்களுக்குத்தான் மருத்துவர்கள் இந்த மாத்திரையை எழுதுகிறார்கள்; நோய் முற்றி மெலிந்தவர்களுக்கு இன்சுலின் போடுகிறார்கள். தொடக்கத்திலேயே வலுவான கூட்டம் ஒன்று, மெலிந்த கூட்டம் ஒன்று. பழைய பதிவேடுகளால் இந்தச் சிக்கலை முழுவதும் அவிழ்க்க முடியாது. அதற்காகத்தான் சோதனை.

அப்படியென்றால் இதுவரை யாரும் சோதித்தே பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். நோய் பரவிவிட்டவர்களிடம். 2015இல் முடிவு வெளியான நெதர்லாந்துச் சோதனையில் 121 பேரை இரண்டாகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே புற்றுநோய் மருந்துகளைக் கொடுத்து, ஒரு பாதிக்கு மெட்ஃபார்மினும் மறு பாதிக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் மெட்ஃபார்மின் பக்கம் நூற்றுக்கு 56.7 பேர் உயிரோடு இருந்தார்கள், வெற்று மாத்திரைப் பக்கம் 63.9 பேர். உதவவில்லை. 2016இல் வெளியான இத்தாலியச் சோதனை 60 பேரோடு, பயனில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது.

மார்பகப் புற்றுநோயிலும் பார்த்தார்கள். அது பெரிய சோதனை: சர்க்கரை நோய் இல்லாத 3,649 பேர், அறுவைக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் மாத்திரை. 2022இல் வந்த முடிவில் நோய் திரும்புவதை மெட்ஃபார்மின் தடுத்ததாகத் தெரியவில்லை.

முற்றிய நோயில் பலிக்காதது அறுவை முடிந்தவர்களுக்கு மட்டும் எப்படிப் பலிக்கும்?

நல்ல கேள்வி. இதை முதலில் கேட்டவர் வலங்கைமானிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை. அறுவை முடிந்தவரின் உடம்பில் மிச்சமிருப்பது மிகச் சிறிய அளவு. வெள்ளம் உடைத்துக்கொண்ட கரையை ஒரு மூட்டை மண்ணால் அடைக்க முடியாது. கசியத் தொடங்கும்போது ஒரு மண்வெட்டி மண் போதும். மெதுவாக, நீண்ட நாள் வேலை செய்யும் மென்மையான மருந்துக்கு இந்தக் கட்டம்தான் பொருத்தமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். பரவிய நோயில் நோயாளிக்கே சில மாதங்கள்தான் கிடைக்கின்றன, அந்த மருந்துக்கு நேரமே இல்லை என்பது அவர்கள் வாதம்.

எண்ணம் என்றுதான் சொன்னேன். மேலே சொன்ன மார்பகப் புற்றுநோய்ச் சோதனை அறுவை முடிந்தவர்களிடம்தான் நடந்தது, பலிக்கவில்லை. கணையம் வேறு உறுப்பு, அதன் புற்றும் வேறு குணம். அதனால் கதவை முழுவதும் சாத்திவிடவும் முடியாது. என் கணிப்பைக் கேட்டால், பெரிய பலனை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விலை மலிவான, காப்புரிமை முடிந்த ஒரு மாத்திரையைச் சோதிக்க எந்த நிறுவனத்துக்கும் இலாபம் கிடையாது. அதைப் பொதுப்பணத்தில், பொறுமையாகச் சோதிக்கும் மருத்துவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ‘பலிக்காது’ என்ற பதிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீண் நம்பிக்கையிலிருந்து காக்கும்.

யாருக்கு எந்த மாத்திரை என்று குலுக்கல் போட்டா முடிவு செய்வது? இது என்ன வைத்தியம்?

கேட்கும்போது நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் குலுக்கல் இல்லாவிட்டால் நடப்பதைத்தான் மேலுரக் கதையில் பார்த்தோம். புது விதையைத் தலைமடை வயலில் விதைத்துவிட்டு, பழைய விதையைக் கடைமடையில் விதைத்தால், கூடுதல் விளைச்சல் விதையால் வந்ததா தண்ணீரால் வந்ததா என்று யார் சொல்வது? எந்தப் பாத்திக்கு எந்த விதை என்பதைக் குலுக்கலுக்கு விடும் முறையை 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் வகுத்தார். நம் ஆடுதுறையில் 1922 முதல் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பாத்திகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வயலில் பிறந்த முறையைத்தான் மருத்துவம் பின்னால் எடுத்துக்கொண்டது.

மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால், பாவம் பார்த்து மெலிந்தவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். குலுக்கலுக்கு அந்தப் பாசம் இல்லை. அதுதான் அதன் பலம்.

எனக்கு வெற்று மாத்திரை வந்தால்? புற்றுநோயாளியை ஏமாற்றுவது பாவமில்லையா?

ஏமாற்றுவது என்றால் உங்களுக்குத் தெரியாமல் செய்வது. இங்கே உங்களுக்கு இரண்டில் எதுவும் வரலாம் என்பதை முன்பே எழுத்தில் சொல்லி, உங்கள் சம்மதத்தைக் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று: இப்படிப்பட்ட சோதனையில் கீமோ இரு பக்கத்துக்கும் உண்டு. வெற்று மாத்திரை கீமோவுக்குப் பதிலாக வருவதில்லை, மெட்ஃபார்மினுக்குப் பதிலாகத்தான் வருகிறது. சோதனையில் சேராதவருக்குக் கிடைக்கும் சிகிச்சை எதுவோ, அது வெற்று மாத்திரை பெறுபவருக்கும் கிடைக்கும். ‘கீமோவை விட்டுவிட்டு இந்த மாத்திரை’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்கள் என்று என் மாமனார் கத்துகிறார். என்ன பதில் சொல்வது?

அவர் கோபத்தை மதியுங்கள். ஏழைகளிடம் சொல்லாமல் கொள்ளாமல் மருந்து சோதித்த வரலாறு உலகில் உண்டு. அதனால்தான் இன்று சட்டம் இருக்கிறது. 2019இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள்படி நெறிமுறைக் குழு ஒன்று அனுமதிக்காமல் சோதனை தொடங்க முடியாது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர். மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர், ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும். கடுமையான பாதிப்பு ஏதும் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் தெரிவிக்க வேண்டும். சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள். 1956இல் சென்னையில் காசநோயாளிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார்கள். அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியத்தில் ஓராண்டு படுத்துக் கிடக்க வேண்டும், சத்தான உணவு வேண்டும் என்பதுதான் உலக வழக்கம். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை, பாதிப் பேருக்குச் சானடோரியம். 1959இல் முடிவு வந்தது: நெருக்கடியான வீட்டில், எளிய சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகம் முழுவதும் காசநோயாளிகள் குடும்பத்தை விட்டுப் பிரியாமல் சிகிச்சை பெறுவதற்கு வழி திறந்தவர்கள் அந்தத் தமிழ் மக்கள். அவர்களை எலி என்று சொல்ல எனக்கு நா எழாது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதியில் விலக முடியாதா?

எந்த நாளிலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனையோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருந்து படித்துக் காட்டப்படுவதைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

சோதனை உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007 ஜூலையில் ஒரு தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். எண் இல்லை, அல்லது சோதனை மருந்துக்குப் பணம் கட்டுங்கள் என்கிறார்கள் என்றால் நம்பாதீர்கள்.

சோதனையெல்லாம் வேண்டாம். மலிவான மாத்திரைதானே, கடையில் வாங்கிக் கீமோவோடு நாமே சாப்பிட்டால் என்ன?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். சர்க்கரை இல்லாத நோயாளிக்கு, மருத்துவரிடம் சொல்லாமல், அக்கம்பக்கத்தாரின் அட்டையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். அந்த அன்பு நோயாளியைக் கீமோ நாற்காலியிலிருந்து எழுப்பிவிடக் கூடும்.

எப்படி என்று சொல்கிறேன். மெட்ஃபார்மின் பலருக்கு வயிற்றுப்போக்கையும் குமட்டலையும் தரும். ஃபோல்ஃபிரினாக்ஸில் உள்ள இரினோடெகான் மருந்தும் வயிற்றுப்போக்கைத் தரும். கணையத்தின் தலைப்பகுதியை எடுத்தவருக்குச் செரிமான நீர் குறைந்து ஏற்கெனவே எண்ணெய் மிதக்கும் மலம் போகும். மூன்றும் சேர்ந்தால் எது எதனால் என்று மருத்துவருக்குத் தெரியாது. கீமோவின் அளவைக் குறைப்பார், அல்லது அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார். நிச்சயமாகப் பலன் தரும் மருந்தைக் குறைத்து, பலன் தெரியாத மருந்தைக் காப்பாற்றியதாக முடியும். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் தங்கி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான், வந்தால் உயிருக்கே உலை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்றை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நீண்ட நாள் மெட்ஃபார்மின் பி12 உயிர்ச்சத்தைக் குறைக்கும். அதனால் பாதம் மரத்துப்போகும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தாலும் பாதம் மரத்துப்போகும். சர்க்கரையாலும் போகும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் நம் ஊரில், நத்தை ஓடு கிழித்ததுகூடத் தெரியாமல் புண்ணோடு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்குள் இருப்பவருக்கு இரத்தம் பார்ப்பார்கள், சிறுநீரகம் பார்ப்பார்கள், தேவையென்றால் மாத்திரையை நிறுத்துவார்கள். மாத்திரை ஒன்றுதான், கண்காணிக்க ஆள் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஏற்கெனவே மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். கீமோ நாட்களில் தொடரவா, நிறுத்தவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்களுக்கு அது சர்க்கரைக்கான மருந்து, தேவை இருக்கிறது. வாந்தியைத் தடுக்க, கீமோ நாளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அது சர்க்கரையை ஏற்றும். இரண்டு மூன்று நாள் அளவு தாறுமாறாக இருந்தால் அதனால்தான். எண்களைத் தேதியோடு எழுதி எடுத்துப்போங்கள்.

ஆனால் வாந்தி, பேதி என்று சாப்பாடு உள்ளே நிற்காத நாளில் மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். நரம்பில் மருந்து செலுத்தி ஸ்கேன் எடுப்பதற்கு முன்பும், அறுவைக்கு முன்பும் மெட்ஃபார்மின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். கணையம் முழுவதையும் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த மாத்திரை போதாது, இன்சுலின்தான். ஏற்கெனவே மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களைப் பல சோதனைகளில் சேர்க்க மாட்டார்கள். உங்களை ஒதுக்குவதாக நினைக்க வேண்டாம், வித்தியாசம் தெரியாது என்பதுதான் காரணம்.

சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி என்கிறார்கள். சோற்றை நிறுத்திவிட்டோம், சரிதானே?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அறுவைக்குப் பிறகு எடை குறைந்தால் கீமோவைத் தாங்க முடியாது. ஒரே மூச்சில் மூன்று வேளை சாப்பிடாமல், ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம்: இட்லி, முட்டை, மீன் குழம்போடு சோறு, பாசிப்பருப்புக் கஞ்சி. செரிமான நொதி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துப் போட்டால் வீண். சர்க்கரை அளவை மருந்தால் சரிசெய்யலாம். கரைந்துபோன சதையை மீட்பது கடினம்.

உங்கள் அண்ணன் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்தானே? அவரை ஏன் அது காப்பாற்றவில்லை?

கேட்டவர் திருவையாற்றுப் பெண், இருபத்திரண்டு வயது, அப்பாவுக்காக வந்திருந்தாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தவறில்லை அம்மா, கேட்க வேண்டிய கேள்விதான்.

அண்ணன் கீமோவுக்கு முன்பும் பின்பும் மெட்ஃபார்மின் சாப்பிட்டார். ஆறு மாதக் கீமோவை ஒரு சுற்றுகூடத் தவறாமல் முடித்தார். விடியற்காலையில் பஸ் ஏறி, இரவு திரும்புவார். அதற்குப் பிறகு ஒரு குறுவை, ஒரு சம்பா பார்த்தார். பதினான்காம் மாதம் கல்லீரலில் நோய் திரும்பியது. 2024 தையில் போய்விட்டார். மாத்திரை அவரை ஏமாற்றியது என்று நான் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் ஏழாம் மாதமே திரும்பியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அதே மாத்திரை சாப்பிட்டு ஆறாவது ஆண்டாக இருக்கிறார் ஒருவர் என்று யாராவது சொன்னாலும் அது மாத்திரையின் வேலை என்று நான் ஒப்ப மாட்டேன். ஒரே ஒரு வயலை வைத்து விதையைத் தீர்மானிக்கக் கூடாது என்று அவரேதான் சொல்வார்.

அப்பா காலமாகிவிட்டார். மாத்திரை அட்டைகள் நிறைய மிச்சம் இருக்கின்றன. வேறு நோயாளி யாருக்காவது கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். காரணம், கடையில் வாங்கி நாமே சாப்பிட்டால் என்ன என்ற கேள்விக்கான பதிலில் மேலே இருக்கிறது. சோதனையில் கொடுத்த மாத்திரை என்றால் டப்பாவோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். எத்தனை சாப்பிட்டார், எத்தனை மிச்சம் என்று அங்கே எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையும் முடிவின் ஒரு பகுதி. அதனால் வெட்கப்பட்டு எறிந்துவிடாதீர்கள், தவறவிட்ட வேளைகளை மறைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து கொடுத்த அரசு மாத்திரை என்றால் அந்தச் சுகாதாரப் பணியாளரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அண்ணன் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அண்ணி முந்தானையில் முடிந்து நான்கு அட்டைகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு இதே நோய், அவர் மனைவி கேட்டாள் என்றார். அட்டைகளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அந்த அம்மாளையும் அழைத்துக்கொண்டு, அவர் கணவரின் கீமோ நோட்டை எடுத்துக்கொண்டு, மூவருமாக அவருடைய மருத்துவரைப் பார்க்கப் போனோம்.